சாண் ஏறி முழம் சறுக்கிய பிறகு, மறுபடி எப்படித் தொடங்கினீர்கள்?

மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பது மாதத்தில் 91 கிலோவிலிருந்து 79க்கு வந்தவள் நான். தினமும் காலையில் நாற்பது நிமிட நடை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே டம்பெல், சாப்பிட்டதை ஒரு நோட்டில் எழுதுவது. நான் செய்தது இவ்வளவுதான்.

அப்புறம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள், வீட்டில் படுக்கையும் தாங்கலுமாக இரண்டு மாதம். அந்த நாட்களில் நடையை விட்டதற்கு எனக்கு வருத்தமே இல்லை. இப்போது அம்மா கைத்தடியோடு நடமாடுகிறார். அவர் எழுந்து ஆறு வாரம் ஆகிறது. நான் இன்னும் எழவில்லை.

நேற்று கட்டிலுக்கடியில் எதையோ தேடியபோது எடை மெஷின் கையில் பட்டது. நானே தள்ளி வைத்ததுதான். தூசியைத் துடைத்துவிட்டு ஏறினேன். 85.4. அப்புறம் அந்த நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, 'காலை' என்று எழுதி, எதிரே ஒன்றுமில்லை. அம்மா விழுந்த சத்தம் கேட்ட காலை அது. பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன், தாளில் மை இழுத்த கோடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தடவை இருந்த வேகம் இப்போது இல்லை. 'திங்கட்கிழமை தொடங்கலாம்' என்று ஐந்து திங்கட்கிழமை போய்விட்டது. விட்டுப் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். 'மனசு வைத்தால் முடியும்' என்பது எனக்கும் தெரியும். அந்த மனசை வைக்க முடியாததுதான் என் பிரச்சனை.

காலைக்காற்று:

தோழி, அம்மா எழுந்து நடக்கிறார் என்பதே பெரிய செய்தி. அதற்கு நீங்கள் பட்ட பாடு எந்த மெஷினிலும் தெரியாது.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பதினாலு கிலோ குறைத்தேன். வேலை மாறியதில் ஒன்பது கிலோ திரும்பி வந்தது. தெரிந்தவர்கள் எதிரே வந்தால் 'என்ன, மறுபடி போட்டுட்டீங்க?' என்று கேட்பார்களோ என்று பயந்தே நடக்கப் போகவில்லை. நடை நின்றதற்குக் காரணம் வேலை. திரும்பப் போகாததற்குக் காரணம் வெட்கம். இரண்டும் வேறு வேறு என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. வேலை மறுபடி மாறி, நேரம் கிடைத்து, எல்லாம் சரியான பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன், ஏன் என்று தெரியாமல். உங்களைத் தடுப்பது எது என்று ஒரு தடவை தனியாக உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். நிறுத்திய காரணம் போய், வேறொன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

இரும்புக்கை:

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் சகோதரி. அம்மா எழுந்து ஆறு வாரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணம் தேடினால் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும். நாளைக் காலை ஐந்தரைக்கு அலாரம் வையுங்கள். பழைய நாற்பது நிமிடத்தை முழுதாக நடங்கள். முதல் பத்து நாள் கஷ்டமாக இருக்கும், அப்புறம் உடம்பே கேட்கும். நான் மூன்று தடவை இப்படித்தான் திரும்பி வந்தேன்.

எண்கணக்கு:

அந்த 6.4 கிலோவைக் கணக்காகப் பிரித்துப் பார்க்கலாம். பயம் பாதி குறையும்.

நம் உடம்பு மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 400, 500 கிராம். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அளவாகச் சாப்பிட்டு உழைக்கும்போது இந்த இருப்பு இறங்கும், பழையபடி சாப்பிட்டால் சில நாளில் நிரம்பும். டயட் தொடங்கிய முதல் வாரம் எடை மளமளவென்று இறங்குவதும், விட்ட முதல் வாரம் சட்டென்று ஏறுவதும் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே ஒன்று, ஒன்றரை கிலோவை அந்தக் கணக்கில் எழுதிவிடலாம்.

மிச்சம் ஐந்து கிலோ கொழுப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று கணக்கிடுவார்கள். ஐந்து கிலோவுக்கு 38,500. நீங்கள் சொன்ன நாட்களைக் கூட்டினால் சுமார் 120 வருகிறது. வகுத்தால் ஒரு நாளைக்கு 320 கலோரி. உங்கள் எடை உள்ள ஒருவர் நாற்பது நிமிடம் வேகமாக நடந்தால் 150 முதல் 200 கலோரி செலவாகும். நடை நின்றதிலேயே பாதி வந்துவிட்டது பாருங்கள். மீதிப் பாதி, நேரம் கெட்ட நேரத்தில் கிடைத்ததைச் சாப்பிட்டது, தூக்கம் போனது. ஒரு நோயாளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த யாருக்கும் இது நடக்கும்.

இன்னொன்று. 2011ல் ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழுவினர் எடை குறைத்த 50 பேரைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எடை இறங்கி ஓராண்டு ஆன பிறகும் அவர்கள் உடம்பில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவாகவும் இருந்தது. பசியும் கூடியே இருந்தது. எடை குறைந்தவர் உடம்பு இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை உங்கள் மன உறுதியின் குறையாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம்மாடி:

எண்கணக்கு அண்ணா, 320 என்ற அந்த எண்ணைப் படித்தபோது நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இளகியது. நன்றி. நான் எதையோ அள்ளி அள்ளித் தின்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரும்புக்கை அண்ணா, நீங்கள் சொன்னதையும் செய்து பார்த்தவள்தான். போன மாதம் மூன்று நாள் ஐந்தரைக்கு அலாரம் வைத்தேன். முதல் நாள் ஷூ போடும்போதே அம்மா கூப்பிட்டார், பாத்ரூம் போகணும். இரண்டாவது நாள் கீழே இறங்கிவிட்டேன். ஆனால் தெருமுனையில் நின்று, தனியாக எழுந்திருப்பாரோ என்று போன் செய்து பார்த்தேன், எடுக்கவில்லை. ஓடிவந்தால் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் எழவே இல்லை. ராத்திரியிலும் கைத்தடி தரையில் 'டொக்' என்று ஊன்றும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறேன். அதனால் காலையில் தலை தூக்க முடிவதில்லை.

மெதுநடை:

இந்த இரண்டாவது பதிவில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் திரும்பிப் போகப் பார்க்கிற அந்தக் காலை உங்கள் வீட்டில் இப்போது இல்லை. பழைய நாற்பது நிமிடம், நன்றாகத் தூங்கி எழுந்த ஒருத்தியின் நாற்பது நிமிடம். வீட்டில் யாரும் விழுந்துவிடுவார்கள் என்ற பயம் இல்லாத ஒருத்தியுடையது. அதை அப்படியே எடுத்து இன்றைய நாளில் பொருத்தினால் பொருந்தாது. பொருந்தாததை 'எனக்கு மனசு வரவில்லை' என்று நீங்கள் மொழிபெயர்த்துக்கொள்கிறீர்கள்.

என் கதையும் இதுதான். நான்கு வருஷம் ஜிம் போனேன். அது அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இருந்தது. வண்டி தானாக அங்கே திரும்பும். வேலை வீட்டிலிருந்து என்று ஆனதும் ஜிம் நின்றுபோனது. இரண்டு வருஷம் என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் நடந்தது, என் பழக்கம் தொங்கிக்கொண்டிருந்த ஆணி பிடுங்கிக்கொண்டது. வண்டி திரும்ப ஒரு திருப்பமே இல்லாமல் போய்விட்டது. புது ஆணி அடிக்க வேண்டியிருந்தது. மாலையில் கடைசி மீட்டிங் முடிந்து லேப்டாப்பை மூடினால், நாற்காலியிலிருந்து எழுந்த கால் நேராக வாசலுக்குப் போகவேண்டும். சோபாவில் உட்காரக் கூடாது, போனைத் தொடக் கூடாது. ஷூ வாசலில், உள்ளே சாக்ஸ் தயாராக. முதல் மாதம் பத்து நிமிடம் மட்டும்தான் நடந்தேன்.

2010ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்த ஆய்வு வெளிவந்தது. ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர 66 நாள் என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதிலிருந்துதான். அது நடு அளவு மட்டுமே. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை மதிப்பிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதையும் கண்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அவர்கள் எல்லாரும் புதுச் செயலை நாளில் ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்டினார்கள், காலை உணவுக்குப் பிறகு என்பது போல. மணி பார்த்து அல்ல.

உங்கள் நாளில் இப்போது தவறாமல் நடப்பது எது? அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரமா? அவர் மதியம் தூங்கும் நேரமா? பிசியோதெரபி பயிற்சியா? அதில் ஒன்றைப் பிடியுங்கள். நடை எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததை 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

மூன்றாம்மாடி:

லாலி ஆய்வில் விட்டது ஒரு நாள். எனக்கு நாலு மாதம். அது செல்லுமா?

மெதுநடை:

நியாயமான கேள்வி. செல்லாது. நாலு மாதத்தில் பழைய பழக்கம் தளர்ந்துதான் போயிருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் விட்டதைத் தொடர்வதாக நினைக்காமல் புதிதாக ஒன்று கட்டுவதாக நினையுங்கள் என்கிறேன். ஆனால் முதல் தடவை தொடங்கிய அன்று தெரியாத பல விஷயம் இப்போது உங்களுக்குத் தெரியும். எந்தச் சாப்பாடு உங்களைத் தாங்கும், எது இரண்டு மணி நேரத்தில் பசிக்க வைக்கும், எந்த ஷூ கடிக்கும், எல்லாம்.

இரும்புக்கை:

பாத்ரூம் போக ஆள் வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஐந்தரை அலாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் மூன்று தடவையும் நான் தனி ஆள், யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் மெதுநடை, எந்த ஆணி என்றாலும் இன்றைக்கே அடிக்க வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தால் ஆறாவது திங்கட்கிழமையும் வரும்.

நீலக்குடை:

திங்கட்கிழமை பற்றி ஒரு வார்த்தை. அது வெறும் தள்ளிப்போடுதல் இல்லை. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014ல் வெளியிட்ட ஆய்வில், வாரம், மாதம், வருஷம் தொடங்கும்போது டயட் பற்றிய இணையத் தேடலும் ஜிம்முக்கு வருபவர்களும் கூடுவதைக் காட்டினார்கள். புதுப் பக்கம் திருப்பும்போது பழைய நான் வேறு ஆள் என்று தோன்றுகிறது, அதில் ஒரு தெம்பு வருகிறது. அந்தத் தெம்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை தவறினால் அடுத்த திங்கள்வரை காத்திருப்பதுதான் ஆபத்து. ஆறு நாள் சும்மா போகும்.

எனக்கு விழுந்த அடி எல்லாம் அந்த ஆறு நாளில்தான். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற மனநிலை. மதியம் ஒரு துண்டு கேக் சாப்பிட்டால் 'இன்றைக்கு எப்படியும் கெட்டுவிட்டது' என்று ராத்திரி மொத்தமும் போய்விடும். 1975லேயே பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் இதைச் சோதித்தார்கள். மில்க்‌ஷேக் குடிக்க வைத்துவிட்டு ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு பார்க்காதவர்கள் மில்க்‌ஷேக்குக்குப் பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாடாக இருப்பவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கட்டு அவிழ்ந்துவிட்டது என்ற எண்ணம்தான் அந்தக் கூடுதலைச் சாப்பிட வைத்தது.

2007ல் கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் செய்த சோதனையில் டோனட் கொடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு ஒரு பிரிவினரிடம், எல்லாரும் எப்போதாவது இப்படிச் சாப்பிடுவதுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள் என்ற பொருளில் பேசினார்கள். டயட்டில் இருப்பவர்களில் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் பிறகு வைத்த இனிப்பைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். என்னைத் திட்டிக்கொண்டால்தான் ஒழுங்காக இருப்பேன் என்று பல வருஷம் நம்பியவள் நான். இப்போது தவறிய வேளைக்கு அடுத்த வேளை வழக்கமான தட்டு. அதற்குத் தண்டனையாகப் பட்டினி இல்லை, கூடுதல் ஓட்டமும் இல்லை.

இரவுப்பணி:

நான் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். அந்த எடை மெஷினைத் திரும்பக் கட்டிலுக்கடியில் வைத்துவிடுங்கள். எனக்கு இரவு ஷிப்ட். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் ஒன்றரை கிலோ வித்தியாசம் காட்டும். ஏறிய நாளில் மனம் உடைந்து இரண்டு தடவை எல்லாவற்றையும் விட்டேன். மூன்றாவது தடவை ஆறு வாரம் மெஷின் பக்கமே போகவில்லை. பெல்ட்டின் துளையை மட்டும் பார்த்தேன். இன்றும் தொடர்கிறேன்.

எண்கணக்கு:

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் 1994ல் ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்கள் அதில் சேரலாம். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்ப்பவர்கள். பார்க்காமல் விட்டால் இரண்டு கிலோ ஆறு கிலோவாக ஆகும்வரை தெரியாது. தினமும் பார்த்துப் பதறுவதற்கும் பார்க்கவே பயப்படுவதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், காலையில், கழிப்பறை போய்விட்டு வந்ததும், சாப்பிடும் முன். நாலு வாரத்துச் சராசரியை மட்டும் பாருங்கள்.

நீலக்குடை:

இரண்டு பேருக்கும் இடையில் ஒன்று சொல்கிறேன். பட்டினி கிடந்து, அளவு மீறிச் சாப்பிட்டு, வாந்தி எடுத்து என்று ஒரு காலத்தில் நானே போய் வந்திருக்கிறேன். அப்படி இருந்தவர்களுக்கு எடை பார்க்கலாமா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு எண்கணக்கு சொல்வது சரி.

மூன்றாம்மாடி தோழிக்கு இன்னொன்று. சோர்வு இவ்வளவு நாள் விடவில்லை என்றால் தைராய்டு, ரத்தச்சோகை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் எடையை ஏற்றும், அப்படி எதுவும் எடுத்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்காக எத்தனை தடவை ஆஸ்பத்திரி போனீர்கள், ஒரு தடவை உங்களுக்காகப் போங்கள்.

மூன்றாம்மாடி (பதினாறு நாள் கழித்து):

பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். நீலக்குடை சொன்னபடி ரத்தம் கொடுத்தேன். தைராய்டு சரியாக இருக்கிறது. இரும்புச்சத்து குறைவு, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு மாலையில் பத்து நிமிடம் நடக்கச் சொல்லியிருந்தார் பிசியோதெரபிஸ்ட். வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும். இதுவரை நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கூடவே நடக்கிறேன். அவர் வேகத்துக்கு நடப்பது எனக்கு உடற்பயிற்சியே இல்லை. கைத்தடி, வலது கால், இடது கால், அப்புறம் ஒரு மூச்சு. ஆனால் அந்தப் பத்து நிமிடம் முடிந்து அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே ஷூ போட்ட காலோடு இறங்கிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா அந்த நேரத்தில் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்க ஒத்துக்கொண்டார். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர், 'இதை முன்னாடியே கேட்கக் கூடாதா?' என்றார். அதனால் தெருமுனையில் நின்று போன் செய்வதில்லை.

பதினாறு நாளில் பன்னிரண்டு நாள் போயிருக்கிறேன். முதல் வாரம் பன்னிரண்டு நிமிடம். இப்போது இருபது. நடுவில் செக்கப்புக்கு அலைந்ததில் மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போனது. நாலாவது நாள் மாலை எனக்குப் பழைய கலக்கம் வந்தது, அவ்வளவுதானா என்று. அம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டு வராந்தாவில் வந்து நின்று, 'வரலையா?' என்றார். போய்விட்டேன்.

எடை வாரத்துக்கு ஒரு தடவை, எண்கணக்கு அண்ணா சொன்ன மாதிரி. 85.4, 84.6, 84.7. அந்த 84.7ஐப் பார்த்ததும் வயிறு கலங்கியது உண்மை. எழுதி வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அதே நோட்டில்தான் எழுதுகிறேன், மை இழுத்த அந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து.

ஒரு கேள்வி. டம்பெல்லைத் தொடலாமா? முன்பு கைக்கு ஆறு கிலோ தூக்கினேன்.

இரும்புக்கை:

தொடலாம், ஆனால் மூன்று கிலோவில் தொடங்குங்கள். இரண்டு வாரம் அப்படியே. இன்னும் நாலு தடவை தூக்கலாம் என்று தோன்றும்போதே கீழே வைத்துவிடுங்கள். முதல் நாளே பழைய எடையைத் தூக்கினால் மூன்று நாள் கை தூக்க முடியாது, அம்மாவைப் பிடிக்கவும் முடியாது. பயிற்சி எடுத்திருந்த தசைக்குப் பலம் முதல் தடவையைவிடச் சீக்கிரம் திரும்பும், இதை என் கையிலேயே மூன்று முறை பார்த்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் போதும்.

காலைக்காற்று:

அந்த அக்காவிடம் கேட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று கிலோ டம்பெல் இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ.

மூன்றாம்மாடி:

இருக்கிறது அக்கா, மெஷினுக்குப் பக்கத்திலேயே கட்டிலுக்கடியில் கிடந்தது. நாளை மாலை நடை முடிந்து தொடங்குகிறேன். அம்மாவும் ஒரு சின்ன பாட்டில் கேட்கிறார். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுத்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.